தலைக்கட்டும் உலையும்

விருத்தாசலம் பக்கத்துக் கிராமத்தில் போய் "உங்க ஊர்ல எத்தனை குடும்பம்?" என்று கேட்டுப் பாருங்கள். யோசிக்காமல் பதில் வரும்: "நூத்தம்பது தலைக்கட்டு." ஆடியில் திரௌபதியம்மனுக்குத் தீமிதி நடத்துகிறவர்களுக்கு அந்த எண் மனப்பாடம், வரி போடுவதே அதை வைத்துத்தான். கல்யாணமான ஆண் ஒருவன் ஒரு தலைக்கட்டு. அவன் சென்னையில் சென்ட்ரிங் வேலைக்குப் போய்ப் பல வருஷம் ஆகியிருக்கலாம், ஊரில் அவன் வீடு இடிந்தே போயிருக்கலாம். வரிப் பணம் வருகிறவரை அவன் ஊர்க்காரன்தான். புருஷன் செத்து இரண்டு பிள்ளைகளோடு அதே தெருவில் குடியிருக்கிற பெண் அந்த நோட்டில் வரமாட்டாள். கல்யாணமாகாத நாற்பது வயதுக்காரனும் வரமாட்டான். பட்டியல் சாதியினர் குடியிருக்கிற காலனி அந்தக் கணக்கிலேயே கிடையாது. அங்கே தனி மாரியம்மன், தனி வரி, தனி நோட்டு.

அரசாங்கக் கணக்குக்கு வரியும் தெரியாது, அம்மனும் தெரியாது. கதவையும் அடுப்பையும் அது எண்ணும். அந்த எண்ணுகிற வேலையை 1991, 2001, 2011 மூன்று தடவையும் செய்தவன் நான். ஊராட்சி ஒன்றியப் பள்ளி வாத்தியாருக்குத் தேர்தல் வேலையும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் சம்பளத்தோடு ஒட்டிக்கொண்டு வருபவை. 1948-ஆம் வருஷச் சட்டப்படி மாட்டேன் என்று சொல்லவும் முடியாது. முதல் தடவை போனபோது எங்களுடையது தென்னாற்காடு மாவட்டம். 1993-இல் பிரித்துக் கடலூர் ஆனது.

எண்ணிய ஊரின் பெயரை எழுதவில்லை. ஒருவர் படிவத்தில் சொன்னதை யாருக்கும் காட்டக் கூடாது, கோர்ட்டில் சாட்சியமாகவும் வைக்க முடியாது என்று அதே சட்டத்தின் 15-ஆவது பிரிவு சொல்கிறது. பெயரைச் சொன்னால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள், அவ்வளவு சின்ன ஊர். ஆலடி சாலைப் பக்கம், செம்மண் பூமி, முந்திரிக் கொல்லையும் மல்லாட்டை என்கிற நிலக்கடலையும் என்று சொன்னால் போதும். எங்கள் பக்கத்தில் இந்த அடையாளத்துக்கு இருபது ஊராவது பொருந்தும்.

ஊரின் அமைப்பு இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். மேலத்தெருவும் நடுத்தெருவும் வன்னியர், பேச்சில் படையாட்சி. அதற்கு அடுத்துக் கோனார் தெரு. கோயிலை ஒட்டி இரண்டு மூன்று ரெட்டியார் வீடுகள், பெரும்பாலும் பூட்டியே கிடக்கும். ஆசாரி ஒரு வீடு, வண்ணார் ஒரு வீடு, முடிதிருத்துகிறவர் ஒரு வீடு. வாய்க்காலைத் தாண்டினால் காலனி. ஏரிக்கரையில் இருளர் குடிசைகள், வருஷத்துக்கு வருஷம் இடம் மாறும். கடலூர் மாவட்டத்தில் நூற்றுக்கு 29 பேர் பட்டியல் சாதியினர் என்கிறது 2011 கணக்கு. ஒவ்வொரு ஊரிலும் அந்த 29 பேர் எங்கே குடியிருக்கிறார்கள் என்று கணக்குப் புத்தகம் சொல்லாது. அதைச் சொல்வது நாங்கள் கையால் போடுகிற மாதிரி வரைபடம்.

அந்த வரைபடம் போடுவதற்கு ஒரு விதி உண்டு. ஊரின் வடமேற்கு மூலையில் தொடங்கித் தென்கிழக்கில் முடிக்க வேண்டும், கட்டட எண் அந்த வரிசையில்தான் ஓடும். 2010 ஜூனில் வீட்டுப் பட்டியல் எடுக்கப் போனேன். வடமேற்கு மூலை எது என்று பார்த்தால், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் காலனியின் கடைசித் தெரு. ஒன்று என்று சுவரில் எழுதியது ஒரு தொகுப்பு வீட்டில். மத்தியானத்துக்குள் ஊருக்குள் செய்தி போய்விட்டது. டீக்கடையில் ஒரு பெரியவர் மரியாதையாகத்தான் கேட்டார்:

"ஏம் சார், கோயில்லேர்ந்து ஆரம்பிச்சிருக்கலாமே. எப்பவும் அப்பிடித்தான் வழக்கம்."

"வடமேற்குலேர்ந்துதான் ஆரம்பிக்கணும், பெரியவரே. புத்தகத்துல இருக்குது."

"புத்தகம் எழுதுனவன் இந்த ஊர்க்காரனா?"

கையேட்டை எடுத்துக் காட்டினேன். அவர் படிக்கவில்லை; பக்கத்தில் இருந்த பையனிடம் படிக்கச் சொன்னார். பையன் படித்தான். அதற்கப்புறம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நடுத்தெருவில் சில வீடுகளில் சுவரில் எண் எழுத விடவில்லை, கதவு நிலையில் சாக்பீஸால் எழுதிக்கொள்ளுங்கள் என்றார்கள். எழுதிக்கொண்டேன்.

வரைபடத்தில் வாய்க்கால் ஒரு கோடு. ஊருக்கும் காலனிக்கும் நடுவே தாளில் ஒரு விரல் அகலம்கூட வராது. விருத்தாசலத்தை ஒட்டிய புதுக்கூரைப்பேட்டையில் அந்த ஒரு விரல் அகலத்தைத் தாண்டிக் கல்யாணம் செய்துகொண்ட முருகேசனையும் கண்ணகியையும் 2003 ஜூலையில் விஷம் ஊற்றிக் கொன்றார்கள். கடலூர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2021-இல். கணக்கெடுப்புப் படிவத்தில் திருமண நிலைக்கு ஒரு கட்டம் உண்டு, எந்தத் தெருவுக்கும் எந்தத் தெருவுக்கும் என்பதற்குக் கட்டம் இல்லை. 2011-இல் அந்தக் கட்டத்தை நிரப்பும்போதெல்லாம் எனக்கு அந்த ஊர் ஞாபகம் வந்தது. சில வீடுகளில், வெளியூரில் இருக்கிற மகளைப் பற்றிய கேள்விக்குப் பதில் சொல்லாமல் அடுத்த கேள்விக்குப் போகச் சொன்னார்கள். போய்விடுவேன்; அந்த வீட்டில் இல்லாத மகளை அந்த வீட்டில் எண்ண வேண்டியதில்லை.

2011 வரை படிவம் எல்லாரிடமும் சாதியைக் கேட்டதில்லை என்று சொன்னால் ஊரில் நம்பமாட்டார்கள். எல்லாச் சாதியையும் எண்ணிக் கடைசியாக வெளியிட்டது 1931-இல்தான். சுதந்திரத்துக்கு அப்புறம் பட்டியல் சாதியா, பழங்குடியா என்று மட்டும் கேட்டு, ஆம் என்றால் பெயரை எழுதிக்கொண்டோம். அப்படியும் அந்த ஒரு கட்டத்தில் எத்தனையோ சிக்கல். காலனியில் ஒரு வீட்டில் 'ஆதி திராவிடர்' என்பார்கள், அடுத்த வீட்டில் அண்ணனே 'பறையர்' என்பார், சர்டிபிகேட்டில் அப்படி இருக்கிறது என்று. அரசுப் பட்டியலில் இரண்டும் தனித்தனிப் பெயர். அண்ணனும் தம்பியும் அட்டவணையில் இரண்டு சாதியாக ஏறிவிடுவார்கள்.

கோணாங்குப்பம் பக்கத்தில் வேலை பார்த்த நண்பர்கள் பட்ட பாடு இன்னொன்று. வீரமாமுனிவர் பெரியநாயகி மாதாவுக்குக் கோயில் கட்டிய ஊர் அது. சுற்றுவட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாகக் கிறித்தவர்கள். பட்டியல் சாதி என்று இந்து, சீக்கியர், பௌத்தர் மூவரை மட்டும்தான் பதியலாம். மதம் கிறித்தவம் என்று சொன்ன உடனே அடுத்த கட்டம் 'இல்லை' ஆகிவிடும். ஒரே தெரு, ஒரே குடும்பம், ஒரே சுடுகாட்டுப் பாதை. மாதா கோயிலுக்குப் போகிற வீடு ஒரு கணக்கு, போகாத வீடு ஒரு கணக்கு. சில வீடுகளில் பெயர் அந்தோணியம்மாள், மதம் இந்து. சர்டிபிகேட்டுக்குப் பயந்து சொல்வது என்று தெரியும். சொன்னதை எழுதுவதுதான் எங்கள் வேலை, விசாரிப்பது இல்லை. நரிக்குறவர்கள் 2011-இல் பழங்குடிக் கட்டத்தில் வரவில்லை. 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் சட்டம் நிறைவேற்றிவிட்டதால் இனி வருவார்கள். ஆள் அதே ஆள்தான், பட்டியல்தான் மாறியிருக்கிறது.

படிவம் எங்களிடம் சாதி கேட்கச் சொல்லவில்லை. ஊர் எங்களிடம் கேட்காமல் விட்டதில்லை. "சாருக்கு எந்த ஊரு? அங்க எந்தத் தெரு?" அந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் கிடைத்த பிறகுதான் நாற்காலி வரும், அல்லது திண்ணையில் இடம் வரும், அல்லது நின்றபடியே எழுத வேண்டியிருக்கும். காலனியிலும் கேட்டார்கள். அங்கே கேட்டதன் காரணம் வேறு: இவனிடம் உண்மையைச் சொன்னால் ஊருக்குள் போய்ச் சொல்வானா என்ற கணக்கு.

எங்கள் வேலையில் மிகக் கடினம் சாதியுமில்லை, மதமும் இல்லை. குடும்பம் எது என்று முடிவு செய்வதுதான். சேர்ந்து வசித்து ஒரே சமையலில் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம் என்று கையேடு சொல்லிவிட்டது. நம் ஊரில் ஒரே கூரைக்குக் கீழே மூன்று உலை கொதிக்கும். பாகம் பிரித்து, கூடத்தின் நடுவே கீற்றுத்தட்டி வைத்து, அண்ணன் அடுப்பு அந்தப் பக்கம், தம்பி அடுப்பு இந்தப் பக்கம். மூன்று குடும்பம் என்று எழுதினால் வெளியே மாமனார் கோபித்துக்கொள்வார்: "நாங்க ஒண்ணாத்தான் இருக்கிறம்." உள்ளே மருமகள் கண்ணாலேயே இல்லை என்பாள். மாமனார் சொல்வதைக் கேட்டுக்கொண்டு, மருமகளிடம் ரேஷன் கார்டு எத்தனை என்று கேட்பேன். உண்மை அங்கே வெளியே வந்துவிடும். ஆனால் கார்டும் பொய் சொல்லும். அப்போது கிலோ ஒரு ரூபாய்க்குக் கிடைத்த அரிசிக்காகவும் முதியோர் பென்ஷனுக்காகவும் அம்மாவுக்குத் தனிக் கார்டு வாங்கியிருப்பார்கள், சாப்பாடு மட்டும் மகன் வீட்டில்.

இதில் எனக்கு மறக்காதது முறை வைத்துச் சாப்பிடுகிற ஆயாக்கள். மாசம் ஒரு மகன் வீடு. கணக்கெடுப்பு நடப்பது பிப்ரவரி 9 முதல் 28 வரை. நடுவே 13-ஆம் தேதி வாக்கில் தை முடிந்து மாசி பிறக்கும். பெரியவன் வீட்டில் 10-ஆம் தேதி எண்ணுகிறேன். 15-ஆம் தேதி அடுத்த தெருவில் சின்னவன் வீட்டுக்குப் போனால் அதே ஆயா, அதே தட்டு, அதே வெற்றிலை இடிக்கிற உரல்.

"ஆயா, உங்கள அங்க எழுதிட்டனே."

"அது தையி, தம்பி. மாசி இவன் ஊடு."

சின்னவன் பெண்டாட்டிக்கு இங்கேயும் எழுத வேண்டும். எழுதாவிட்டால் பெரியவர் வீட்டில்தான் வைத்துப் பார்க்கிறார்கள் என்று ஆகிவிடும் என்பது அவள் கவலை. ஆளை ஒரு தடவைதான் எண்ண வேண்டும். பெரியவன் வீட்டு எண்ணே நின்றது. அதற்காக அவள் எனக்குக் கொடுக்க வந்த மோரைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனாள். நியாயம்தான்.

குடும்பத் தலைவர் யார் என்ற கேள்விக்கு, புருஷன் இல்லாத பெண்கள் பத்து வயது மகன் பெயரைச் சொல்வார்கள். யாரைத் தலைவராக அந்த வீடு ஒத்துக்கொள்கிறதோ அவரை எழுதலாம் என்பது விதி. அதனால் திரும்பத் திரும்பக் கேட்பேன்: "கொல்லையில என்ன போடறதுன்னு யாரும்மா முடிவு பண்றது?" "நான்தான்." "கடன் வாங்கினா கையெழுத்து?" "நான்தான்." "அப்ப உன் பேரையே எழுதலாமா?" பலர் சிரித்துவிட்டு எழுதச் சொன்னார்கள். தலைக்கட்டு நோட்டில் இடமில்லாத பெண்கள் அரசாங்கப் படிவத்தில் முதல் வரியில் வந்தார்கள். ஊர் அதைப் பொருட்படுத்தவில்லை, அதற்கு வரி கிடையாதே.

பெயர், வயது சமாச்சாரம் சீக்கிரம் முடிந்துவிடும். மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் புண்ணியத்தில் ஆணும் பெண்ணுமாக ஒரு தெருவில் பத்துக் கொளஞ்சி இருப்பார்கள். அப்பன் பெயரை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். புருஷன் பெயரைச் சொல்லமாட்டாத பெண் விருத்தாசலம் கோபுரம் இருக்கிற திசையில் கையைக் காட்டினால் பழமலை அல்லது விருத்தகிரி, பக்கத்து வீட்டுப் பிள்ளை சரியானதைச் சொல்லும். வயதுக்கு அரியலூர் ரயில் விபத்து உதவியது. 1956 நவம்பரில் ஆற்றில் ரயில் கவிழ்ந்தது எங்கள் லைனில்தான். "அப்ப நான் கைப்புள்ள" என்றால் ஒரு வயது, "அப்ப மாடு மேச்சுக்கிட்டு இருந்தன்" என்றால் பத்துப் பன்னிரண்டு. அதற்கு இளையவர்களுக்கு நெய்வேலிச் சுரங்கம் தோண்டியது, அண்ணா ஆட்சிக்கு வந்தது, 1987 செப்டம்பரில் வன்னியர்களின் சாலை மறியல், அதே வருஷம் டிசம்பரில் எம்.ஜி.ஆர். செத்தது.

வேலை பற்றிய கேள்விதான் நின்று கேட்க வேண்டியது. 1991-இல் முதல்முறையாகக் கேள்வியிலேயே, சம்பளம் இல்லாமல் சொந்த நிலத்திலோ குடும்பத் தொழிலிலோ செய்கிற வேலையையும் சேர்த்து என்று அச்சடித்துக் கொடுத்தார்கள். அதற்கு முன்னால் பெண்கள் பாதிப் பேர் வேலை இல்லாதவர்களாகவே போயிருக்க வேண்டும். ஏனென்றால் பதில் எப்போதும் ஒன்றுதான்.

"வேலை ஏதாச்சும் செய்யிறீங்களாம்மா?"

"இல்ல சார். ஊட்ல சும்மாதான் கெடக்கிறன்."

சொல்கிறவள் விரல் நுனியெல்லாம் முந்திரித் தோட்டெண்ணெய் பட்டுக் கருத்திருக்கும். மாசம் மாசமாகக் கேட்பேன். பங்குனி, சித்திரை, வைகாசியில் முந்திரிக்கொட்டை பொறுக்குவது. அது முடிந்தால் வறுத்து உடைக்கிற வேலை, கிலோவுக்கு இவ்வளவு என்று. ஆனியிலிருந்து விருத்தாசலம் செராமிக் கம்பெனிக்கு. எங்கள் ஊர்ப் பெண்களும் காலை பஸ்ஸில் போகிறார்கள், பிளாஸ்டர் அச்சில் களிமண் கரைசலை ஊற்ற, காய்ந்ததைப் பிசிறு சீவ, சூளையில் வெந்து வந்த கொலு பொம்மைக்கு வர்ணம் அடிக்க. நவராத்திரி நெருங்கினால் வேலை அதிகம், அப்புறம் கார்த்திகைக்கு அகல். சிலர் பொம்மைகளை வீட்டுக்குக் கொண்டுவந்து ராத்திரி விளக்கில் கண் எழுதுவார்கள். ஐப்பசி மழையில் ஒன்றுமில்லை. தையில் மல்லாட்டை பிடுங்க. நடுநடுவே இரண்டு ஆடு.

ஒவ்வொரு வேலையும் தனியாகப் பார்த்தால் ஆறு மாசம் தேறாது. அதைப் பார்த்து 'குறுவேலையாளர்' என்று எழுதிவிட்டுப் போகிற ஆட்கள் உண்டு. ஆனால் விதி எல்லா வேலையையும் கூட்டச் சொல்கிறது. கூட்டினால் ஒன்பது மாசம் வரும். முதன்மை வேலையாளர். எதில் அதிக நாள் போனதோ அது தொழில். நான் கூட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருந்த ஒரு அம்மா, "இம்மாம் வேலையா செய்யிறன்?" என்று கேட்டுவிட்டுத் திண்ணையிலிருந்த புருஷனைப் பார்த்தாள். அவருக்கும் கூட்டச் சொன்னாள். அவருடையது குறைவாக வந்தது. அதை நான் சத்தமாகச் சொல்லவில்லை.

பிறந்த குழந்தை எத்தனை, உயிரோடு இருப்பது எத்தனை, ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று ஒரு ஆண் வாத்தியார் கேட்பது சுலபமில்லை. சத்துணவு அமைப்பாளர் அம்மாவைக் கூட அழைத்துப் போவேன். செத்துப்போன பிள்ளைகளின் பெயரைச் சொல்லித்தான் எண்ணுவார்கள், எண்ணாகச் சொல்லமாட்டார்கள். கட்டம் எண்ணுக்குத்தான். மூன்று பெண்ணுக்கு அப்புறம் பிறந்தவளுக்குப் 'போதும்பொண்ணு' என்று பெயர் வைத்த தலைமுறை அது. 2011-இல் இளம் அம்மாக்களிடம் அந்தப் பெயர் இல்லை. நான்காவது பெண்ணே இல்லை. அந்த வருஷக் கணக்கு வந்தபோது தமிழ்நாட்டில் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் பிள்ளைகளுக்கு 943 பெண் பிள்ளைகள், கடலூர் மாவட்டத்தில் 900-க்கும் கீழே. பத்து வருஷத்துக்கு முன்னால் நாங்கள் அவ்வளவு கீழே இல்லை. ஒரு ஊரில் இது கண்ணுக்குத் தெரியாது. ஐந்தாறு பிள்ளை கூடக் குறைய எங்கும் இருக்கும். நாங்கள் எல்லோரும் எழுதிய தாள்களை ஒன்றாகக் கூட்டியபோதுதான் தெரிந்தது. ஸ்கேன் பார்த்துச் சொல்லக் கூடாது என்ற சட்டம் 1994-லேயே வந்துவிட்டது என்பதையும் இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும்.

பூட்டிய வீடுகள் கரும்பு வெட்டப் போனவர்களுடையவை. பிப்ரவரி கரும்பு வெட்டும் காலம். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஆலைக் கரும்பு எங்கே நிற்கிறதோ அங்கே கொட்டகை போட்டுத் தங்குவார்கள். கணக்கெடுக்கும் நாட்கள் முழுக்க ஊரில் இல்லாதவர்களை ஊரில் எழுதக் கூடாது, தங்கியிருக்கிற இடத்தில் எழுத வேண்டும். அங்கே இருக்கிற வாத்தியார் அந்தக் கொட்டகைக்குப் போனாரா என்பது யாருக்கும் தெரியாது. பிப்ரவரி 28 ராத்திரி வீடில்லாதவர்களை எண்ணுகிற ராத்திரி. எங்கள் ஊர் ஏரிக்கரையில் ஒரு வாத்துக்காரக் குடும்பம் கிடைத்தது. டார்ச் அடித்ததும் வாத்துகள் கத்தின, அந்த ஆள் திருடன் என்று கம்பை எடுத்தார். எழுதி முடித்ததும் அவர் கேட்டது: "இது எந்த ஊருக் கணக்குல சேரும்?" இந்த ஊர் என்றேன். சிரித்தார். மார்ச் 1-ஆம் தேதி நள்ளிரவில் எங்கே இருந்தீர்களோ அந்த ஊர்க்காரர், அவ்வளவுதான்.

அந்த 2011-ஆம் வருஷ முடிவில், டிசம்பர் 30-ஆம் தேதி, தானே புயல் வந்தது. நாங்கள் ஓலை, ஓடு, காங்கிரீட் என்று பிரித்து எழுதிய கூரைகளில் பாதி பறந்தது. முந்திரி வேரோடு சாய்ந்தது. மாவட்டக் கையேட்டில் எங்கள் ஊருக்கு ஒரு வரி இருக்கிறது: குடும்பங்கள், ஆண், பெண், பட்டியல் சாதி, எழுத்தறிவு, வேலை. புத்தகம் வெளிவந்தபோது அந்த ஊர் அப்படி இல்லை. 2021-இல் புது வரி வந்திருக்க வேண்டும், கொரோனாவால் நின்றது. இப்போது 2027 மார்ச் 1-ஐ வைத்து எண்ணப் போகிறார்கள். இந்தத் தடவை எல்லோரிடமும் சாதி கேட்பார்கள், தாளில் அல்ல, கைபேசியில்.

எண்ண வேண்டும் என்பதுதான் என் கட்சி. எண்ணாததால் ஊரில் சாதி மறந்துபோனதாக நான் பார்க்கவில்லை. ஆனால் எண்ணுவது சுலபம் என்று நினைக்கிறவர்கள் 2011-இல் தொடங்கிய சமூகப் பொருளாதாரச் சாதிக் கணக்கெடுப்பை நினைத்துக்கொள்ள வேண்டும். 1931-இல் 4,147 சாதிகள். அந்தக் கணக்கெடுப்பில் மக்கள் சொன்ன பெயர்கள் 46 லட்சத்துக்கும் மேல் என்று 2021-இல் மத்திய அரசே உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. எங்கள் பக்கத்திலேயே பாருங்கள்: படையாட்சி, கவுண்டர், நாயக்கர், வன்னியகுல சத்திரியர் என்று நான்கு விதமாகச் சொல்கிறவர்கள் ஒரே சாதி. 'உடையார்' என்று ஒரே பெயர் சொல்கிறவர்கள் நத்தமானாக இருக்கலாம், மலையமானாக, சுருதிமானாக இருக்கலாம், மண்பாண்டம் செய்கிறவராகவும் இருக்கலாம்.

ஆசிரியையாக இருக்கிற என் மருமகள் இதைத்தான் கேட்டாள்: "கைபேசிப் பட்டியல்ல உடையார்னு ஒண்ணே ஒண்ணு இருந்தா எதை மாமா அமுக்குறது?" பயிற்சி வகுப்பில் முதல் நாள் எழுந்து அந்தக் கேள்வியைக் கேள் என்றேன். சாப்பாட்டுக்கு விடுவதற்கு முன்னாலேயே கேட்டுவிடு, அப்புறம் பதில் சொல்ல ஆள் இருக்காது.